தோளில் தூக்கியவர்கள்

சுகாதார ஆபீஸ் வண்டி தெருமுனையில் திரும்பியபோது அவள் தகரம் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். வண்டியை வரச் சொன்னவளே அவள்தான்.

தெரு முழுக்கத் தகர வேலை. வாளி, புனல், டிரங்குப் பெட்டி, எண்ணெய் டின். காலையில் சுத்தியல் விழத் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. அங்கே ரகசியம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அவளுடைய அண்ணன் பட்டறையில் வெட்டு வேலை அவள் பொறுப்பு. பெரிய கத்தரியின் ஒரு பிடியை மேசையில் ஊன்றி, மறு பிடியை அழுத்தி, கோடு போடாமலே வட்டம் வெட்டுவாள். அந்தக் கைக்கும், வாய்க்கும் சேர்த்துத் தெரு அவளுக்கு வைத்த பெயர் கத்தரி.

அண்ணன் பட்டறை மாடியில் கிடந்தான். காய்ச்சல், இருமல், எச்சிலில் ரத்தம். என்ன நோய் என்று தெருவுக்குத் தெரியாமலில்லை. ஊருக்குள் அது வந்த புதிதில் கப்பல்காரன் காய்ச்சல் என்றார்கள். சந்தைப் பக்கம் பரவியதும் சந்தைக் காய்ச்சல் என்றார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு பிணம் விழுந்ததும் அந்தத் தெருவின் பெயரைச் சூட்டிச் சிரித்தார்கள். தங்கள் தெருவுக்கே வந்தபிறகு அதற்குப் பெயரே இல்லாமல் போயிற்று. "சளி பிடிச்சிருக்கு" என்றார்கள்.

காய்ச்சலைவிடச் சுகாதார ஆபீஸைக் கண்டால்தான் தெருவுக்கு அதிக பயம். அதற்குக் காரணமும் இருந்தது. அப்பன்மார் காலத்தில் இதேபோல் ஒரு நோய் வந்தபோது, சர்க்கார் ஆட்கள் நோயாளியின் வீட்டைச் சாமான்களோடு கொளுத்தினார்கள். நோயாளி வெளியே வந்தானா என்று சில வீடுகளில் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது யாரும் வீட்டைக் கொளுத்துவதில்லை. ரயில் யார்டுக்கு அப்பால் கொட்டகை போட்டுக் கட்டில் வரிசை வைத்திருந்தார்கள். டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. ஆனால் செத்தவர்களின் உடலை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கொட்டகையில் ஊசி போட்டுக் கொல்கிறார்கள் என்பது தெருவில் சந்தை நிலவரம்போல் பேசப்பட்டது.

அவளும் அதை நம்பியவள்தான். ஆனால் முந்தின நாள் அண்ணனின் மூச்சு, தகரத்தில் மணலைத் தேய்ப்பதுபோல் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வட்டம் வெட்ட அவளால் முடியவில்லை. புனல் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

வண்டியிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். டிரைவர், ஒரு நர்ஸம்மா, முதுகில் ரப்பர் குழாய்ச் சுருளோடு மருந்தடிப்பவன், பம்பு அடிப்பவன். எதிர்ப்பட்டறையிலிருந்து மாமா எழுந்து வந்தார். அவளுடைய அம்மாவுக்குத் தம்பி. டிரங்குப் பெட்டி செய்கிறவர். அக்கா செத்தபிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் கைபிடித்து வேலை பழக்கியவர் அவர்தான். தெருவில் அவர் எழுந்தால் சுத்தியல்கள் தாமாக நிற்கும். அன்றும் நின்றன.

"யாரு கூப்பிட்டா உங்களை?"

"யாரோ கூப்பிட்டாங்க. வழி விடுங்கய்யா" என்றாள் நர்ஸம்மா.

"விடறேன். கொட்டகைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவன் ஒருத்தனைக் காட்டு தாயி. நானே இவனைத் தூக்கிட்டு வந்து வண்டியில படுக்க வைக்கிறேன்."

"வந்தவங்க இருக்காங்க. உங்க தெருவுல இல்ல, அவ்வளவுதான்."

"எங்க தெருவுல இருந்து போனாத்தானே வர்றதுக்கு!" என்று மாமாவின் மகன் குரல் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. "ஏம்மா, போறதுக்கு மட்டும் டிக்கெட்டா, திரும்பி வரவும் சேர்த்தா?" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு இருக்கும்வரை ஆபத்தில்லை என்று நர்ஸம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பின் ஊடே டிரைவரைக் கூட்டிக்கொண்டு மாடியேறிவிட்டாள். மருந்தடிப்பவன் குழாயை இழுத்துக்கொண்டு பின்னால் போனான்.

அவர்கள் வேலை செய்யும் விதம் இது. மருந்தடிப்பவன் மேலே அறைக்குள் நிற்பான். பம்பு அடிப்பவன் கீழே வண்டியருகில். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, குரல்தான் தந்தி. அழுத்தம் போதவில்லையென்றால் மேலிருந்து "ஏத்து" என்பான். அறை முழுக்க அடித்தாகிவிட்டால் "முடிச்சாச்சு" என்பான். அழுத்தத்தைக் குறைக்க "இறக்கு" என்பான். ஊரெல்லாம் அவர்கள் தினமும் கத்துகிற சொற்கள்தான். ஆனால் இது தகரத் தெரு, காது பிளக்கும் சத்தம் என்று கேள்விப்பட்டு வந்தவன், வழக்கத்தைவிட உரக்கக் கத்தினான். எல்லாச் சுத்தியலும் நின்றுபோயிருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"முடிச்சாச்சு! இறக்கு!"

தெருவின் இரு கோடிக்கும் அது தெளிவாகக் கேட்டது. அதே நேரத்தில் பட்டறையின் திறந்த கதவு வழியே மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் தெரிந்தது. மருந்து கண்ணில் பட்டால் எரியும் என்று நர்ஸம்மா அண்ணனின் முகத்தையும் சேர்த்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள்.

"கொன்னுட்டாங்கடா!" என்றார் மாமா. கத்தக்கூட இல்லை. மூச்சுப் போனவர்போல் சொன்னார்.

பம்பு அடிப்பவன் குனிந்து திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தான். பின்கழுத்தில் மரச்சுத்தி விழுந்தது. பம்பின் கைப்பிடியில் நெற்றி மோதிச் சாய்ந்தான். எழப் பார்த்தவனை இன்னொரு சுத்தி காதருகில் அடித்தது. அது இரும்புச் சுத்தி. அதன்பிறகு அவன் எழப் பார்க்கவில்லை. டிரைவர் ஸ்ட்ரெச்சரைப் படியிலேயே போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்தான். நர்ஸம்மாவின் முடியைப் பிடித்து ஒருத்தி இழுத்தாள். கொத்தாக முடி கையோடு வந்தது. நர்ஸம்மா நகத்தால் அவள் முகத்தைக் கிழித்துத் தப்பி வண்டிக்குள் விழுந்தாள். வண்டி கிளம்பியது. பின்கண்ணாடி வழியாகக் கல் உள்ளே போவதை எல்லோரும் பார்த்தார்கள்.

மருந்தடிப்பவன்தான் மாட்டிக்கொண்டான். காலைப் பிடித்துப் படி வழியாக இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் தலை மோதிய சத்தத்தை, கீழ்ப்படி அருகில் நின்ற அவள் கேட்டாள். "மருந்துதானே இது? குடிடா" என்று மாமாவின் மகன் குழாய் முனையை அவன் வாயில் திணித்தான். வண்டி நின்ற இடத்தில் கிடந்த பம்பைத் தெருக்காரன் ஒருவன் அடித்தான். மருந்தடிப்பவனின் மூக்கிலிருந்து வெள்ளையாக நுரை வந்தது. அவன் கண்கள் அவள்மேல் நிலைத்தன. முந்தின நாள் ஆபீஸ் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். எந்த ஜன்னலில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வழி காட்டியவனும் அவனே. அவன் வாயில் குழாய் இருந்தது. அவள் வாயில் எதுவும் இல்லை.

"மாமா, நான்…" என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் யாரோ வெள்ளைத் துணியை உருவினார்கள். அண்ணன் கண்ணைத் திறந்து "தண்ணி" என்றான்.

தெரு அப்படி ஒரு கூச்சல் போட்டு அவள் கேட்டதில்லை. மாமா அவன் நெற்றியில் மாறி மாறி முத்தம் கொடுத்தார். கிழவர் அல்ல, கல்மாதிரி மனிதர், குழந்தைபோல அழுதார். "என் அக்கா பெத்த பிள்ளைடா. எந்தப் பயலுக்கும் குடுக்க மாட்டேன்." அவரும் அவர் மகனும் அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஊர்வலம்போல் கொண்டுபோனார்கள். எட்டிய கையெல்லாம் அவனைத் தொட்டது. புனல் செய்பவரின் மனைவி ஒரு குவளைத் தண்ணீரை அவனுக்குப் புகட்டி, மீதியைத் தானே குடித்தாள். அவன் இருமினான். மாமாவின் தோளில், கழுத்தில், தலைமுடியில் இருமினான்.

"அழாதடி கத்தரி, வந்துட்டான்ல" என்று மாமா அவள் கன்னத்தைத் தட்டினார்.

பம்பு அடிப்பவனும் மருந்தடிப்பவனும் செத்துவிட்டார்கள் என்பது போலீஸ் வந்தபிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. சில பேரைப் பிடித்துப்போய், அடித்து, அனுப்பிவிட்டார்கள். சுகாதார ஆபீஸ் வண்டி அந்தப் பக்கம் வருவது நின்றது. "பயந்துட்டானுங்க" என்று தெரு பெருமைப்பட்டுக்கொண்டது.

முதலில் விழுந்தவள் புனல்காரரின் மனைவி. இரண்டாவது, மருந்தடிப்பவன் வாய்க்குள் மருந்து போகப் பம்பை அடித்த தெருக்காரன். பிறகு யார் முதல், யார் அடுத்து என்று வரிசை தெரியாமல் வீட்டுக்கு வீடு இருமல் கேட்டது. சுத்தியல் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, இருப்பவர்கள் அடித்தார்கள். மாமாவின் மகன் வாயிலும் மூக்கிலும் ரத்தம் வடிய, தகப்பன் மடியில் செத்தான்.

அண்ணன் தேறிக்கொண்டிருந்தான். அதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"அவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் "அது" என்று சொல்லத் தொடங்கியதை அவள் குழாயடியில்தான் முதலில் கேட்டாள்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கா? கஞ்சி குடிக்குதாம், எழுந்து உக்காருதாம். தெருவையே தின்னுச்சுல்ல, தெம்பு வராதா?"

அவள் குடத்தை வைத்ததும் பெண்கள் விலகினார்கள். "இங்க வைக்காதடி. தூரப் போ." ஒரு பட்டறையில் அவள் தொட்டுவிட்டு வைத்த வாளி ஒன்றை, அதைச் செய்தவனே வெளியே எடுத்துவந்து சுத்தியால் அப்பளமாக நசுக்கினான். மறுநாள் மாடி ஜன்னலில் கல் விழுந்தது. அடுத்த கல் அண்ணனின் முழங்காலில் பட்டது.

அவள் மாமாவிடம் போனாள். மகன் செத்த வீட்டில் அவர் பாதி செய்த பெட்டிக்குமுன் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அண்ணனைக் கொட்டகைக்கே கொண்டுபோயிடறேன். தெருவைத் தாண்டுறவரைக்கும் நீங்க கூட வாங்க. நீங்க நின்னா எவனும் கல்லெடுக்க மாட்டான்."

"அன்னைக்கே போக விட்டிருக்கணும்" என்றார் அவர். "எந்தப் பாவி கூப்பிட்டானோ, கூப்பிட்டவன் வாயைத் திறந்து, நான்தான் கூப்பிட்டேன், அவன் சாகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…"

உண்மையைச் சொன்னால் இரங்குவார் என்று அவள் நினைத்தாள். அவள் செய்த தப்புக் கணக்கு அது.

"நான்தான் மாமா கூப்பிட்டேன்."

அவர் கையிலிருந்த ரிவிட் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்.

"நீயா? பக்கத்துலயே நின்னியே. அவனைத் தோளில் தூக்குறேன், நீ பார்த்துக்கிட்டு நின்னியே. என் பிள்ளை கால் பக்கம் பிடிச்சானே."

"மாமா…"

"போ. வீட்டுக்குப் போ."

மறுநாள் விடிந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. வெளியே தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குமேல் முழுத் தகடு, அதன் ஓரத்தில் இரும்புப் பட்டை, பட்டைக்கு ரிவிட். கூரைமேல் ஏறி மாடி ஜன்னலையும் மூடினார்கள். ரிவிட்டுகள் சமமான இடைவெளியில் விழுவதைக் கேட்டதும் யார் அடிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் அவ்வளவு சுத்தமாக அடிப்பவர் ஒருவர்தான்.

"மாமா! தண்ணி இல்ல மாமா உள்ள!"

அடுத்த ரிவிட் விழுந்தது.

"காத்துக்காவது ஒரு ஓட்டை விடுங்க!"

"காத்துலதான்டி அது வருது!" என்றது ஒரு குரல். காய்ச்சலே பொய் என்று ஆளைக் கொன்றவர்களுக்கு, இப்போது அது இருமினால் எத்தனை தூரம் பறக்கும் என்பதுவரை தெரிந்திருந்தது. "எண்ணெய் ஊத்திடலாம்ணே, ஒரேயடியா தொல்லை விட்டுச்சு" என்றது இன்னொரு குரல்.

"வீடுக ஒட்டி இருக்குடா முட்டாளே. எல்லாம் எரியும். விடு. தானா முடியும்" என்றார் மாமா.

வெயில் ஏற ஏறப் பட்டறைக்குள் மூச்சு முட்டியது. அண்ணன் படியிறங்கி வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தான். உதடு வெடித்திருந்தது. "கதவுகிட்டப் போய் நான் மாமாகிட்டப் பேசறேன்" என்றான். அன்று தோளில் தூக்கிய மாமாதான் இன்னும் அவன் கண்ணில் இருந்தார்.

"பேசாம உக்காரு" என்றாள் அவள்.

பட்டறையின் பின்சுவர் தகரம். அதற்கு அப்பால் சாக்கடைச் சந்து. வெட்டினால் சத்தம் கேட்கும். தெருவில் மிச்சமிருந்த ஆட்கள் வேலையில் உட்காரட்டும் என்று காத்திருந்தாள். ஆள் செத்தாலும் வாளி விற்க வேண்டுமே, உட்கார்ந்தார்கள். சுத்தியல்கள் எழுந்தன. ஆணியால் ஒரு துளை போட்டு, கத்தரியின் அலகை உள்ளே விட்டு அழுத்தினாள். பழைய, கனமான தகரம். கை வழுக்கி ஓரம் உள்ளங்கையைக் கிழித்தது. கிழிசலைப் பாவாடையில் அழுத்திக்கொண்டு மறுபடி வெட்டினாள். இடுப்பளவு ஓட்டையானதும் தகட்டை உதைத்து மடக்கி வெளியே தலையை நீட்டினாள்.

மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் இரும்புச் சுத்தி.

"அடிக்கிற சத்தத்துக்கு நடுவுல வெட்டுற சத்தம் எனக்குக் கேட்காதுன்னு நினைச்சியா? கத்தரி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தானடி."

"விடுங்க மாமா. கும்பிடறேன். அவனைக் கொண்டுபோயிடறேன்."

"எங்க கொண்டுபோவ? இன்னும் நாலு வீட்டுக்கா? உள்ள போ."

அவள் ஒரு காலை வெளியே வைத்தாள். சுத்தி வந்தது. தலையை ஒதுக்கினாள், தோளில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எலும்பிலிருந்து பல்லுக்கு ஏறியது. அவர் மறுபடி ஓங்கினார். அவள் மறுகையால் கத்தரியை வீசினாள். அலகால் அல்ல, அலகு அவள் பக்கம் இருந்தது, திருப்ப நேரமில்லை. கனத்த பிடி அவர் வாயில் போய் இறங்கியது. உதடு பிளந்தது. நாக்கின்மேல் விழுந்த இரண்டு பல்லை அவர் துப்பினார். ரத்தம் மோவாயில் வழிந்து பனியனை நனைத்தது. தொண்டைக்குள்ளும் போயிருக்க வேண்டும், குனிந்து இருமினார். இருமலோடு ரத்தம் சாக்கடைச் சுவரில் தெறித்தது.

சந்தின் முனையில் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் கையில் கல்லும் கம்பியும். அவர்கள் அவளைப் பார்த்தார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள். அவர்கள் கண் மாமாவின் வாயில் ஒரு கணம் நின்றதை அவள் கவனித்தாள்.

தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினாள். "மாமா ரத்தம் கக்குறாரு! அவருக்கும் வந்துடுச்சு, பாருங்க!"

மாமா திரும்பினார். "இல்லடா" என்றார். "இவ அடிச்சா…" பல் போன வாயில் சொல் குமிழியாகத்தான் வந்தது. ஒவ்வொரு குமிழியும் சிவப்பாக உடைந்தது. சொல்லி முடிக்குமுன் மறுபடி இருமல் வந்தது.

முன்னால் நின்றவன் ஓரடி பின்னால் வைத்தான். மாமாவிடம் வேலை பழகியவன் அவன்.

"மகன் செத்தானே, அவன்கிட்ட இருந்து வந்திருக்கும்" என்றான் ஒருவன்.

"நேத்து என் பட்டறைக்கு வந்தாரேடா!"

"அண்ணே, அங்கயே நில்லுங்க. சொன்னாக் கேளுங்க. கிட்ட வராதீங்கண்ணே."

மாமா கைகளை விரித்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார். விளக்கிச் சொல்லத்தான். முதல் கல் அவர் மார்பில் பட்டது. அவர் நின்று, கல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார். நம்பாதவர்போல் பார்த்தார்.

அவள் ஓட்டைக்குள் கைவிட்டு அண்ணனை இழுத்தாள். தகர ஓரம் அவன் முதுகைக் கீறியது. நல்ல தோளில் அவன் கையைப் போட்டுக்கொண்டு, பாதி சுமந்து, பாதி இழுத்து, சந்தின் மறுமுனையைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. பின்னால் கற்கள் தகரச் சுவரில் விழுந்து அதிரும் சத்தம் கேட்டது. பிறகு தகரத்தில் விழாத சத்தம்.

"கண்ணு" என்று மாமா ஒருமுறை கூப்பிட்டார். அவளையா, செத்த மகனையா, தெரியாது.

அண்ணன் தலையைத் திருப்ப முயன்றான். அவள் கழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சந்து முடிந்து வெளிச்சம் வந்தது. தூரத்தில் ரயில் யார்டின் வேலி தெரிந்தது.

"மாமாவுக்குமா வந்துடுச்சு?" என்றான் அவன்.

"ஆமா" என்றாள் கத்தரி. "வாய் பேசாம காலை எடுத்து வை."